உஷ் சார் பாட்டுப் போட்ட கதை

ஸ்பீக்கரைத் தலைகீழாகக் கவிழ்த்ததும் அதிலிருந்து அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது.

நூலகர் அதைக் குலுக்கினார். இன்னும் கொஞ்சம் கொட்டியது. மூன்றாவது முறை குலுக்கியபோது ஓர் எறும்பு வெளியே வந்து, அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் வழியே போனது.

"தண்ணிய வீணாக்காதீங்க. அந்த ரோஜாச் செடியில ஊத்துங்க" என்றாள் மனைவி, சமையலறை ஜன்னல் வழியாக.

"இது மழைத்தண்ணி."

"அதனாலதான் சொல்றேன். செடிக்கு ரொம்ப நல்லது."

பதினோரு வருடமாக ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில், மானம் மரியாதையோடு வாழ்ந்த ஸ்பீக்கர் அது. அதையும் அதன் ஜோடியையும் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத் தோட்டத்துச் சுவரில் மாட்டச் சொன்னது சகலை. மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, "பாலிதீன் பையைப் போட்டு இறுக்கிக் கட்டுங்கண்ணா, ஒரு சொட்டு உள்ள போகாது" என்று சொன்னதும் சகலைதான். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை என்பது வாஸ்தவம். போனது அரை டம்ளர். போன தண்ணீர் வெளியே வந்துவிடாமல் பை பார்த்துக்கொண்டது.

நூலகர் சத்தத்துக்கு ஆகாத மனிதர். இருபத்தாறு வருடமாக ஊர்ப் பொது நூலகத்தில் அவருடைய வேலையே, யாராவது வாயைத் திறந்தால் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பதுதான். ஊரே அவரை 'உஷ் சார்' என்றுதான் கூப்பிட்டது. கடைத்தெருவில் அவர் நடந்து போனால்கூட, பேசிக்கொண்டிருப்பவர்கள் பழக்க தோஷத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்டவர் தோட்டத்துக்குப் பாட்டுப் போட அலைந்தார் என்றால், அதற்குக் காரணம் மாமியார்.

மாமியாருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி நாலு மாதம் ஆகியிருந்தது. தினமும் நாற்பது நிமிடம் நடந்தே தீர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அம்மாவோ பாட்டு இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார். "பாட்டோட நடந்தா அது உலாத்தறது. பாட்டு இல்லாம நடந்தா அது நோயாளி" என்பது அவர் கட்சி. ஹெட்ஃபோன் மாட்டிவிட்டுப் பார்த்தார்கள். தலையில் நண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்.

அவர் இருந்தது சின்ன மகள் வீட்டில், அதாவது சகலை வீட்டில். அங்கே தோட்டத்தில் பாட்டு இருந்தது. நூலகரே போய்க் கேட்டிருக்கிறார். சாயங்காலம் மணி ஐந்து. கொடி படர்ந்த உயரமான மதில். அதன் ஓரமாகப் பெரிய பெரிய கற்கள். எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல், இலைகளுக்கு நடுவிலிருந்து கசிவதுபோல ஒரு பாட்டு வந்தது. மாமியார் கைத்தடியை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

"எங்க தம்பி ஸ்பீக்கர்?" என்று நூலகர் வியந்துபோய்க் கேட்டார்.

சகலை ஒரு கல்லை ஷூ நுனியால் தட்டினார். தரை ஓடு விற்கும் கடையில் மேலாளர் அவர். எதையும் தட்டிக் காட்டித்தான் பேசுவார். "கண்ணுக்குத் தெரிஞ்சா அது ஸ்பீக்கரே இல்லண்ணா."

"கல்லுக்குள்ளயா! எந்தக் கம்பெனி?"

"அதெல்லாம் வெளிய கிடைக்காது. ஸ்பெஷலா பண்ணச் சொன்னது."

"ஸ்விட்ச்?"

"ஆட்டோமேட்டிக். அஞ்சு மணிக்கு அதுவா வரும், ஆறரைக்கு அதுவா நிக்கும். நம்ம கை படவே வேண்டாம்."

அன்று வீடு திரும்பி வாசல் கதவைத் திறக்கும்போது மனைவி சொன்னாள். "ஒரு ஆறு மாசம் அம்மாவ நம்ம வீட்டுல வெச்சுக்கணும்னு எனக்கு ஆசை. கேட்டேன். 'அக்கா, அங்க வந்தா அத்தைக்குப் பாட்டு ஏது, நடை ஏது, காலு அப்படியே மடங்கிப் போயிடும்'னு தங்கச்சி வீட்டுக்காரரு சொல்றாரு. நான் என்ன சொல்றது?"

நூலகர் சாவியை ஆணியில் மாட்டினார். மூன்று வாரத்தில் மாமியாருக்கு எழுபதாவது பிறந்தநாள்.

"பிறந்தநாள நம்ம தோட்டத்துல வெச்சுக்கலாம்னு சொல்லு" என்றார். "பாட்டோட."

இருபத்தாறு வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த மிகச் சத்தமான வாக்கியம் அதுதான்.

அதில் ஒரு வாரம் போய், கையில் மிஞ்சியது ரோஜாச் செடிக்கு அரை டம்ளர் மழைநீர்.

நூலகர் சகலைக்குப் போன் போட்டார்.

"ஹால் ஸ்பீக்கரைப் போய் யாராவது வெளிய மாட்டுவாங்களா அண்ணா?" என்றார் சகலை.

"நீங்கதானே தம்பி சொன்னீங்க?"

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வெளியன்னா கூம்பு ஸ்பீக்கர்தான். மைதானத்துல என்ன வெச்சிருக்கான்? ஸ்டேஷன்ல என்ன வெச்சிருக்கான்? கூம்பு. மழையாவது, இடியாவது."

பேச்சில் ஒரு நியாயம் இருப்பதுபோலத்தான் இருந்தது. நூலகர் அன்றைக்கே கடைக்குப் போனார். கடைக்காரர் சிரித்த முகம், எதற்கும் இல்லை என்று சொல்லாத நாக்கு. "கூம்பா? அருமையான முடிவு சார்" என்று இரண்டை எடுத்துக் கட்டிக் கொடுத்தார். நூலகர் அவற்றைச் சுவரில் மாட்டி, ஹாலில் இருந்த பழைய ஆம்ப்ளிஃபையரோடு வயரை இணைத்து, பாட்டைப் போட்டார்.

கொசு ஒன்று பாட்டு கற்றுக்கொள்வதுபோல ஒரு சத்தம் வந்தது.

காதைக் கூம்புக்குள் விட்டுக் கேட்டார். கொசு நன்றாகவே கற்றுக்கொண்டிருந்தது. ஆனால் கொசுதான்.

"ஆம்ப்ளிஃபையர் பத்தல" என்றார் சகலை போனில், யோசிக்காமல். "ஆயிரம் வாட் வாங்குங்க. மைதானத்துல என்ன வெச்சிருக்கான்?"

மறுநாள் கடைக்காரர், "ஆயிரமா? இதைவிட நல்ல முடிவு எடுக்க முடியாது சார்" என்று ஓர் இரும்புப் பெட்டியைத் தள்ளிவிட்டார். அதை ஹாலுக்குக் கொண்டுவர நூலகரும் மனைவியும் நடுவில் மூன்று முறை இளைப்பாற வேண்டியிருந்தது. மத்தியானம் இரண்டரை மணிக்கு எல்லா இணைப்பும் முடிந்தது. எந்தக் குமிழ் எதற்கு என்று தெரியாததால், நூலகர் எல்லாவற்றையும் நேர்மையாகப் பாதி வரைக்கும் திருப்பி வைத்தார். மாமியாருக்குப் பிடித்த ஒரு தாலாட்டைத் தேர்ந்தெடுத்தார். ஸ்விட்சைப் போட்டார்.

மரத்திலிருந்த அத்தனை பறவைகளும் ஒரே சமயத்தில் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தன. கொடியில் காய்ந்த சட்டை ஒன்று கைதூக்கிச் சரணடைந்தது. சமையலறையில் ஒரு தட்டு தானாக நடந்து வந்து அலமாரி ஓரத்தில் யோசித்து நின்றது. அந்தத் தாலாட்டைக் கேட்டுத் தூங்கிய குழந்தை இருக்க முடியாது. எழுந்து ராணுவத்தில் சேர்ந்திருக்கும்.

நூலகர் ஓடிப்போய் அணைத்தார். அதன்பின் வந்த அமைதியில், பக்கத்து வீட்டு மதில்மேல் ஒரு தலை முளைத்தது. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்ள வருபவர்கள் பக்கத்தில் முப்பது வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து, எதற்கும் வலது காலைத் தூக்கி மிதிக்கும் வழக்கமுள்ளவர்.

"சார், தூங்கிட்டிருந்தேன். உங்க பாட்டு வந்துச்சு. பிரேக்க மிதிச்சிட்டேன்."

"கார்லயா?"

"கட்டில்ல. கால் சுளுக்கிடுச்சு."

"ரொம்ப மன்னிக்கணும். சத்தம் கொஞ்சம்..."

மாஸ்டர் அவரை மேலே பேசவிடவில்லை. ஆள்காட்டி விரலை எடுத்து, மெதுவாகத் தன் உதட்டின்மேல் வைத்தார்.

"உஷ்" என்றார்.

நூலகருக்கு முகம் சிவந்துவிட்டது. தன் சொத்தைத் திருடித் தன்னையே அடித்ததுபோல இருந்தது.

கூம்பும் இரும்புப் பெட்டியும் கடைக்குத் திரும்பிப் போயின. "திருப்பித் தர்றதா? சரியான முடிவு சார்" என்றார் கடைக்காரர். பதிலுக்கு, மழை வெயில் தாங்கும் சின்ன ஸ்பீக்கர்களைக் காட்டினார். பச்சை நிறத்தில், பார்க்க லட்சணமாக இருந்தன. எத்தனை வாங்குவது என்று நூலகர் கடையிலிருந்தே சகலையைக் கேட்டார்.

"எங்க வீட்டுல எத்தனை கல்லு பாத்தீங்க? ஆறு. ஆறு வாங்குங்க. எல்லாத்தையும் சேத்து முறுக்கி உங்க பழைய ஆம்ப்ளிஃபையர்ல சொருகுங்க. மூணு இந்தப் பக்கம், மூணு அந்தப் பக்கம். அவ்வளவுதான் சயின்ஸ்."

இந்தத் தடவை பாட்டு நன்றாக வந்தது. உண்மையிலேயே நன்றாக வந்தது. நூலகரும் மனைவியும் தோட்டத்தில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். உடனே அவள் தங்கைக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, ஒரு தடவை நடந்து பார்க்கட்டும் என்றாள். அந்த அவசரம்தான் தப்பாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வந்தார். தங்கையும் சகலையும் கூடவே வந்தார்கள். பாட்டைப் போட்டதும் மாமியார் முகம் மலர்ந்து, கைத்தடியோடு தோட்டத்துப் பாதையில் இறங்கினார். சரியாக மூன்றாவது நிமிடம், பல்லவி முடிந்து பாட்டு உச்சிக்கு ஏறும் இடத்தில், எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன.

மாமியார் நடுப்பாதையில் நின்றார்.

"நடங்கம்மா!" என்று பெரிய மகள் கத்தினாள்.

"பாட்டு நின்னாச்சே. அது வந்தாத்தான் வருவேன்."

நூலகர் உள்ளே ஓடினார். ஆம்ப்ளிஃபையரில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது. அணைத்துப் போட்டார். பாட்டு வந்தது. மாமியார் நடந்தார். மூன்று நிமிடம். பாட்டு நின்றது. மாமியார் நின்றார்.

"சூடு ஏறுதுண்ணா. ஃபேன் வைங்க" என்றார் சகலை, ஊஞ்சலில் சாய்ந்தபடி.

மேஜை ஃபேனைக் கொண்டுவந்து ஆம்ப்ளிஃபையர் முன்னால் வைத்தார்கள். பாட்டு நாலு நிமிடம் வந்தது. நிற்பதில் மாற்றமில்லை. இப்படியே மாமியார் பாதையின் கடைக்கோடி வரை தவணை முறையில் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆம்ப்ளிஃபையர் ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. மாமியார் தோட்டத்தின் மூலையில், நாற்காலி எதுவும் இல்லாத இடத்தில், திரும்பி வர மறுத்து நின்றார். கடைசியில் மனைவியே ஒரு பாட்டைப் பாடி, முன்னால் நடந்து, தாயாரை வீட்டுக்குள் அழைத்துவர வேண்டியதாயிற்று. அவளுக்குப் பாட வராது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றதற்கு அது மட்டும் காரணமில்லை.

கிளம்பும்போது சகலை, நூலகரின் தோளைத் தட்டினார். தரமான ஓடு இல்லை என்று தட்டிப் பார்த்தே கண்டுபிடித்தவர்போல இருந்தது அந்தத் தட்டு.

"விடுங்கண்ணா. ஒவ்வொருத்தருக்கு ஒண்ணு வரும். உங்களுக்குப் புஸ்தகம்தான் வரும்."

அது அவமானமாகச் சொன்ன வார்த்தை. நூலகருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை, நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, அதே வார்த்தை திடீரென்று வேறு மாதிரி காதில் விழுந்தது.

எனக்குப் புத்தகம்தான் வரும்.

கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு, அறுநூற்று இருபத்தொன்றாம் எண் அலமாரிக்குப் போனார். ஒலிபெருக்கிகள் பற்றிய தடித்த புத்தகம் அங்கே இருந்தது. இருபத்தாறு வருடமாக அதைத் தூசி தட்டியிருக்கிறார், திறந்ததில்லை. நின்றபடியே படிக்கத் தொடங்கியவர், மத்தியானச் சாப்பாட்டை மறந்தார். இரண்டு பேர் பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் "உஷ்" சொல்லாததைக் கண்டு பயந்து அவர்களாகவே வெளியே போய்விட்டார்கள்.

படிக்கப் படிக்கப் பாதி புரிந்தது. பாதி புரிகிறாற்போல இருந்து நழுவியது. கடைசிப் பக்கத்தில், புத்தகம் எடுத்தவர்களின் பதிவுச் சீட்டு ஒட்டியிருந்தது. இருபத்து மூன்று முறை எடுக்கப்பட்டிருந்தது. இருபத்து மூன்று முறையும் ஒரே உறுப்பினர் எண்.

பேரேட்டைப் புரட்டி முகவரி கண்டுபிடித்துப் போனபோது, அது பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ரிப்பேர் கடை. அலமாரி அகலம்தான் மொத்தக் கடையும். உள்ளே ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர், நெற்றியில் பூதக்கண்ணாடியும் கையில் சூடான பற்றவைப்புக் கோலுமாக ஒரு ரேடியோவின் வயிற்றுக்குள் குனிந்திருந்தார். எப்போதும் ஈயமும் கையுமாக இருப்பதால் அக்கம்பக்கத்தில் அவரை 'ஈயக்கா' என்பார்கள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "உஷ் சார்! நான் புஸ்தகம் எதுவும் பாக்கி வெக்கலையே!"

"அதில்லம்மா. எனக்கு ஒரு ஸ்பீக்கர் பிரச்சினை" என்றார் நூலகர்.

அன்று சாயங்காலமே ஈயக்கா தோட்டத்துக்கு வந்தார். ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. ஆம்ப்ளிஃபையரைப் பார்க்கவில்லை. தோட்டத்தின் நடுவில் நின்று இரண்டு முறை கை தட்டினார். பிறகு கேட்டார்.

"யாரு கேக்கப் போறாங்க சார்? எங்க இருந்து கேப்பாங்க?"

இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி. நூலகரேகூடத் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் மாமியாரைப் பற்றி, இடுப்பைப் பற்றி, பாட்டு நின்றால் நிற்கும் நடையைப் பற்றி எல்லாம் சொன்னார்.

"அப்ப நமக்கு வேண்டியது தோட்டம் முழுக்கக் கேக்கற பாட்டு இல்ல. அந்தம்மா கூடவே நடக்கற பாட்டு. அதுக்கு எதுக்கு ஆறு? நாலு போதும். பாதை ஓரமா, முட்டி உயரத்துல, பதினஞ்சு அடிக்கு ஒண்ணு. ஒண்ணோட சத்தம் அடங்கற இடத்துல அடுத்தது ஆரம்பிக்கணும். சுவரைப் பாத்து எதுவும் திரும்பக் கூடாது. அப்படி வெச்சா சத்தத்தக் கூட்டவே வேண்டியதில்ல. பக்கத்து வீட்டுக்கும் போகாது."

"ஆம்ப்ளிஃபையர் ஏன் நின்னு நின்னு போச்சு?"

"நீங்க சொல்லுங்க பாப்போம். படிச்சிருக்கீங்களே."

நூலகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒவ்வொரு ஸ்பீக்கரும் எட்டு ஓம். மூணைச் சேத்து ஒரே பக்கம் கட்டினா மூணு ஓம்கூட வராது. தடை குறைஞ்சா பாரம் கூடும். தாங்காம அது தன்னைத்தானே அணைச்சுக்குது."

"அதேதான். மூட்டை தூக்கறவர் தலையில மூணு மூட்டைய ஏத்திட்டு மூஞ்சிக்கு ஃபேன் போட்டா மட்டும் நடந்துடுவாரா? பக்கத்துக்கு ரெண்டு வைங்க, நாலு ஓம் வரும். நாலு ஓம் தாங்கற ஆம்ப்ளிஃபையரா, மோனோ ஸ்விட்ச் இருக்கறதா நீங்களே பாத்து வாங்குங்க. இல்லேன்னா பாடறவர் குரல் இந்த ஸ்பீக்கர்லயும், மேளம் அந்த ஸ்பீக்கர்லயும் போயிடும். அந்தம்மா பாதி பாட்ட இங்க கேட்டுட்டு மீதியத் தேடிட்டு நடக்கணும்."

நீங்களே பாத்து வாங்குங்க என்று ஒருவர் தன்னிடம் சொன்னதில் நூலகருக்கு முதுகு நிமிர்ந்தது. மறுநாள் கடைக்குப் போனார்.

கடைக்காரர் சிரித்தார். "இருநூறு வாட்ல புதுசு வந்திருக்கு சார். இதை எடுத்தா அருமையான..."

"இது நாலு ஓம்ல நிக்குமா?" என்றார் நூலகர்.

கடைக்காரரின் சிரிப்பு வழியில் நின்றது.

"விடாம ஒரு மணி நேரம் ஓடினா என்ன சூடு வரும்? மோனோ ஸ்விட்ச் எங்க? முதுகுப் பக்கம் திருப்புங்க, படிக்கணும். வாட் எனக்கு அறுபது போதும்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. இருபத்தாறு வருடம் கூட்டத்தை அடக்கிய அதே மெல்லிய குரல். ஆனால் கடையில் மற்ற வாடிக்கையாளர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினார்கள். ஒருவர் தன் பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சார், எனக்கும் கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?" என்றார். கடைக்காரர் உள்ளே போய், அலமாரியின் மேல்தட்டில் யாரும் கேட்காமல் கிடந்த ஒரு பெட்டியை எடுத்துவந்து, இரண்டு கையாலும் கொடுத்தார். இந்தத் தடவை முடிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வயருக்குக் குழாய் பதிக்க நூலகரே மண்ணைத் தோண்டினார். மனைவி பின்னாலேயே வந்து மண்ணை மூடினாள். ஸ்பீக்கரை மரக்கட்டையில் பொருத்தி நட்டார். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இணைத்தார். அப்படியும் மூன்றாவதில் மாற்றி இணைத்திருந்ததை, சோதிக்க வந்த ஈயக்கா பாட்டு தொடங்கிய பத்தாவது நொடியில் கண்டுபிடித்தார். "மூணாவதுகிட்ட வந்தா மேளம் மெலிஞ்சு போகுது, பாருங்க." நூலகர் மாற்றி இணைத்தார். மேளத்துக்கு உடம்பு வந்தது. அவரால் அந்த வித்தியாசத்தைக் கேட்க முடிந்தது. அன்று முழுக்கக் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறந்தநாள் சாயங்காலம். தோட்டத்தில் நாற்காலிகள், ஒரு மேஜை, அதன்மேல் கேக். மகள்கள் இருவரும் தாயாரை நடுவில் உட்கார வைத்திருந்தார்கள். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரையும் அழைத்திருந்தார்கள். முன்னெச்சரிக்கையாகக் காலில் பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

சகலை முட்டி உயரத்தில் இருந்த ஸ்பீக்கரைக் குனிந்து பார்த்தார். "நாலுதானா? எத்தனை வாட்?"

"அறுபது."

"அறுபதா! எங்க வீட்டுக் கல்லு ஒண்ணே இருநூறு அண்ணா. இது கொசு பாடற மாதிரி..."

நூலகர் ஸ்விட்சைப் போட்டார்.

பாட்டு எங்கிருந்தும் புறப்படவில்லை. அங்கேயே இருந்தது. காற்று இருப்பதுபோல. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கவில்லை, ஆனால் நிறுத்தினார்கள். மாமியார் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார். பிறகு எழுந்து பாதையில் இறங்கினார். முதல் ஸ்பீக்கரைத் தாண்டினார். பாட்டு கூடவே வந்தது. இரண்டாவதைத் தாண்டினார். மூன்றாம் நிமிடம் வந்தபோது மனைவி நூலகரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் நிமிடம் போயிற்று. நாலாம் நிமிடமும் போயிற்று. மாமியார் மூலை வரை போய், திரும்பி, மறுபடியும் மூலைக்குப் போனார். மூன்றாவது சுற்றில் கைத்தடியைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் தாளம் போட்டபடி வந்தார்.

யாரோ கை தட்டினார்கள். பார்த்தால், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்.

"சார், என் வீட்டுப் பக்கம் இது கேக்கவே மாட்டேங்குது" என்றார் குறைப்பட்டுக்கொண்டு. "ஒண்ணே ஒண்ண அந்தப் பக்கம் திருப்பி வைக்கக் கூடாதா?"

மாமியார் இன்னும் பல சுற்று முடித்துவிட்டுத்தான் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது, முகம் மின்னியது. "பெரிய மாப்பிள்ள, நாப்பது நிமிஷம் ஆயிடுச்சா?"

"அம்பத்தி ரெண்டு அத்தை."

"என் துணிமணிய எல்லாம் இங்க கொண்டாரச் சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கப் போறேன்."

மனைவி கேக் வெட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே தாயாரைக் கட்டிக்கொண்டாள். கத்தியை வாங்கிவைக்கத் தங்கை ஓடி வந்தாள்.

சகலை மட்டும் கொஞ்ச நேரம் ஸ்பீக்கரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "எல்லாம் நம்ம ஐடியாதான். எங்க வீட்டுல கேட்டுட்டுத்தானே அண்ணனுக்கு ஆசையே வந்துச்சு" என்றார்.

ஜெயித்த மனிதருக்கு அது வலிக்கவில்லை. "உண்மைதான் தம்பி" என்றார் நூலகர், மனதார. "உங்க தோட்டத்துல கேக்கலேன்னா நான் ஆரம்பிச்சிருக்கவே மாட்டேன். அந்த மாதிரி ஒரு சத்தம் வரணும்னுதான் இவ்வளவும்."

அந்த நேரம் பார்த்து ஈயக்கா உள்ளே வந்தார். கடையைப் பூட்டிவிட்டு, பரிசாகச் சின்ன ரேடியோ ஒன்றைப் பொட்டலம் கட்டி எடுத்து வந்திருந்தார். நூலகர் அவரை ஒவ்வொருவருக்கும் அறிமுகப்படுத்தினார். "இவங்கதான் எனக்குக் குரு. இது என் சகலை. இவர் வீட்டுத் தோட்டத்துப் பாட்டு இதைவிடப் பிரமாதமா இருக்கும், கல்லுக்குள்ள ஸ்பீக்கர் வெச்சிருக்கார்."

ஈயக்கா சகலையை உற்றுப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. பிறகு முகம் தெளிந்து, இரண்டு கையையும் குவித்தார்.

"அட, குளத்தங்கரை மூலை வீட்டு சார் நீங்கதானே! உங்க பக்கத்து வீட்டு டாக்டருக்குத் தோட்டத்து ஸ்பீக்கர் போட்டுக் கொடுத்தது நான்தான் சார், தினமும் அஞ்சு மணியானா அவர் பாட்டு உங்க மதிலைத் தாண்டித் தொந்தரவு பண்ணுதேன்னு அவருக்கு ஒரே வருத்தம். அதுவும் போக, அன்னைக்கு வயர் இழுக்கறப்போ எட்டலேன்னு உங்களக் கேக்காமலே அந்தக் கல்லு மேல ஏறி நின்னுட்டேன், மன்னிச்சுக்கோங்க!"